டெக்லன் என்று பெயர் வைக்கலாமா

வியாழக்கிழமை எங்கள் டீம் டெக்லன் வெல்ச் என்ற பையனைத் தேர்ந்தெடுத்தது. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் டுவேன் ப்ரூசாக் தன் பிள்ளைக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட்டான். பையன்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தாலும், பிள்ளை இன்னும் வயிற்றில்தான் இருந்தது. என் கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக இரண்டு கையையும் தூக்கி, "டெக்லன் ப்ரூசாக்! எப்படி இருக்கு பேரு?" என்று கத்தினான்.

"நல்லாத்தான் இருக்கு. மோரீன்கிட்ட கேட்டியா?" என்றேன்.

"சொன்னேன்."

"சொன்னது சரி. கேட்டியா?"

"பெர்னி, ஒரு பீர் ஊத்து," என்றான். பெண்டாட்டியிடம் கேட்கவில்லை என்று அர்த்தம்.

டுவேன் ஏரிக்கு அடியில் இருக்கும் உப்புச் சுரங்கத்தில் வேலை பார்க்கிறவன். வாரம் பூரா வெயிலே பார்க்காமல் கிடந்துவிட்டு, சனி, ஞாயிறு வந்தால் என் கடையில் உட்கார்ந்து டீமைப் பற்றிப் பேசுவான். மனுஷன் கெட்டவன் இல்லை. ஆனால் ஒரு ஆட்டக்காரனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், தலைகீழாக நின்றாலும் அதை மாற்றிக்கொள்ள மாட்டான். இந்தத் தெருவில் எல்லோருக்குமே அந்த வியாதி உண்டு. இவனுக்குக் கொஞ்சம் முற்றிப்போனது.

எங்கள் டீமின் லட்சணம் ஊருக்கே தெரியும். அமெரிக்கக் கால்பந்தில் பந்து முதலில் வந்து சேருவது, அதை எறிகிற குவார்ட்டர்பேக்கின் கைக்கு. அவன் சொதப்பினால் மற்ற பத்துப் பேரும் தங்கமாக இருந்தும் பிரயோஜனம் கிடையாது. எங்களுக்கு நல்ல குவார்ட்டர்பேக் வாய்த்ததே இல்லை. வருஷா வருஷம் மண்ணைக் கவ்வுவோம். கடைசியில் வந்த டீமுக்குத்தான் கல்லூரிப் பையன்களில் முதல் ஆளைப் பொறுக்கும் உரிமை என்பதால், சில வருஷத்துக்கு ஒரு முறை ஏப்ரலில் புது ரட்சகன் ஒருவன் தொப்பியை மாட்டிக்கொண்டு டிவியில் சிரிப்பான். இங்கே உடனே சண்டை ஆரம்பித்துவிடும். இவன் தேறுவானா, தேறமாட்டானா? அக்டோபரில் பதில் தெரிந்துவிடும். அதுவரை என் வியாபாரம் நன்றாக நடக்கும்.

டுவேனின் மூத்த பெண் பிறந்த வருஷம் வந்த ரட்சகன் பெயர் கார்லிஸ் டேன். அன்றைக்கும் டுவேன் இதே மாதிரிதான் வந்து நின்றான். ஆண் பிறந்தாலும் கார்லிஸ், பெண் பிறந்தாலும் கார்லிஸ் என்று ஒற்றைக் காலில் நின்றான். பெண் பிறந்தது. அவளும் கார்லிஸ் ஆனாள். கடையே கைதட்டியது. மோரீன் அப்போது சின்னப் பெண், முதல் பிரசவ அசதி வேறு, சரி என்று விட்டுவிட்டாள்.

கார்லிஸ் டேன் இரண்டு சீசன் ஆடினான். கடைசி ஆட்டத்தில், ஜெயித்தால் அடுத்த சுற்று என்ற நிலைமையில், யாரும் தொடாமல், யாரும் இடிக்காமல், பந்து அவன் கையிலிருந்து தானாக நழுவிப் பின்னால் விழுந்தது. எதிர் டீமில் குண்டாக ஒருத்தன் அதைப் பொறுக்கிக்கொண்டு மைதானம் முழுக்க ஓடினான். அவனை யாராலும் பிடிக்க முடியவில்லை. அத்தோடு கார்லிஸ் டேன் ஊரைவிட்டே போனான். பெயர் மட்டும் போகவில்லை. எங்கள் ஊரில் யாராவது தட்டைக் கீழே போட்டால் "கார்லிஸ் பண்ணிட்டான்" என்பார்கள். பஸ்ஸைக் கோட்டை விட்டாலும் கார்லிஸ்தான். கல்யாணம் முறிந்தாலும் அதே வார்த்தைதான். சந்தையில், ரேடியோவில், பாதிரியார் வாயில்கூட அதைக் கேட்டிருக்கிறேன்.

என் கடையில் மட்டும் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். அந்தப் பெண் உள்ளே இருக்கும்போது யாரும் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. "அந்த ஆளு" என்று சொல்ல வேண்டும். வாய் தவறினவனுக்கு அன்றைக்குப் பீர் கிடையாது. டுவேன் மட்டும், "எதுக்கு மறைக்கணும்? அவன் நல்ல ஆட்டக்காரன்தான். முன்னாடி நின்னு காப்பாத்தறவங்க சரியில்ல, அவன் என்ன பண்ணுவான்?" என்று எட்டு வருஷமாக வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தான்.

ஆக, அந்தச் சனிக்கிழமை அவன் இரண்டாவது பீரை எடுத்தபோது கதவைத் திறந்துகொண்டு மோரீன் வந்தாள். வயிறு முதலில் வந்தது, பின்னால் அவள். பக்கத்தில் கார்லிஸ். மூன்றாம் வகுப்புப் படிக்கிற, முன்பல் பெரிதாக இருக்கிற, அதிகம் பேசாத பெண். அவளைக் கவுண்டரின் கோடியில் உட்கார வைத்து வறுத்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் கொடுத்தேன். மோரீன் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, டுவேனைப் பார்க்காமல், கவுண்டரில் அவனோடு உட்கார்ந்திருந்த மற்ற இரண்டு பேரையும் பார்த்துப் பேசினாள்.

"எனக்கு இவரோட மல்லுக்கட்டத் தெம்பில்ல. போன தடவ நீங்க எல்லாரும் சேந்துதான் இவர ஏத்தி விட்டீங்க. இந்தத் தடவையும் நீங்களே பேசுங்க. அந்தப் பையன் தேறுவானா மாட்டானான்னு நல்லா அலசுங்க. கடைசில நான் ஒரே ஒரு கேள்வி கேப்பேன். அதுக்கு உங்கள்ல ஒருத்தராவது ஆமான்னு சொல்லிட்டா, பிள்ளைக்கு டெக்லன்தான் பேரு. நான் வாயே திறக்க மாட்டேன்."

"சத்தியமா?" என்றான் டுவேன்.

"சத்தியமா. யாருமே சொல்லலைன்னா நீ வாயத் திறக்கக் கூடாது."

டுவேனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் கடையில் ஏப்ரல் மாதத்தில் ஆமாம் சொல்ல ஒரு ஆள் கிடைக்கமாட்டானா என்று நினைத்திருப்பான்.

அந்த இரண்டு பேரில் ஒருவர் இர்வ். ரிட்டயர் ஆன தபால்காரர். எல்லாக் குவார்ட்டர்பேக்கையும் பார்த்து, எல்லோர் மேலும் காறித் துப்பினவர். இன்னொருவன் லாமான்ட். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். எவனைப் பார்த்தாலும் இவன்தான் ஆள் என்பான்.

இர்வ்தான் ஆரம்பித்தார். "கையப் பாத்தீங்களா? பேப்பர்ல அளந்து போட்டிருக்கான். ஒம்பது அங்குலம்கூட இல்ல. என் பொண்டாட்டி கை அத விடப் பெரிசு."

"அப்ப உங்க பொண்டாட்டிய எடுத்திருக்கலாம்," என்றான் லாமான்ட்.

"எடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும். சமையல்கட்டுலருந்து தட்டு எறிவா. ஒரு தடவகூட குறி தப்பினதில்ல."

"கை அளவ வெச்சு என்ன பண்றது? படம் பாத்தீங்களா? மூணு தடியனுங்க மேல விழறானுங்க, கால் தரையிலயே இல்ல, அப்பவும் எறியறான். பந்து நேரா போய் நெஞ்சுல உக்காருது."

"யாருக்கு எதிரா? அந்தச் சோளக்காட்டுக் காலேஜுக்கு எதிரா. எதிர்ல நின்னவன்ல பாதிப் பேரு பல் டாக்டருக்குப் படிக்கிறவன். பந்து வந்தா குனிஞ்சுக்குவான், பல்லு போயிடுமேன்னு."

"தண்ணி காட்டினான்ல?"

"பல் டாக்டருக்கு யார் வேணா தண்ணி காட்டலாம்."

டுவேன் குறுக்கே புகுந்தான். "நான் படம் கிடம் எதுவும் பாக்கல. பேட்டி பாத்தேன். அந்தப் பையன் கண்ணப் பாத்தேன். துளி பயம் இல்ல."

"பயம் எப்படிடா இருக்கும்? இன்னும் நம்ம டீம்ல ஆடவே இல்லயே," என்றார் இர்வ்.

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கோடியில் உட்கார்ந்திருந்த கார்லிஸும் சிரித்தாள். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் மீன் பொரிப்பதில் கவனமாக இருந்தேன்.

"அரிசோனால வளந்தவன் வேற," என்று இர்வ் விடாமல் தொடர்ந்தார். "பனின்னா ஃப்ரிஜ்ஜத் தொறந்தாத்தான் பாத்திருப்பான். நம்ம ஏரிக்காத்து எப்படின்னு தெரியுமா அவனுக்கு? டிசம்பர்ல நான் கடுதாசி போடப் போனா, கடுதாசி ஒரு வீட்டுக்குப் போகும், உறை இன்னொரு வீட்டுக்குப் போகும். அந்தக் காத்துல இந்தக் குட்டிக் கைய வெச்சுட்டு எங்க எறிவான்?"

"இருங்க, இருங்க," என்று லாமான்ட் போனை எடுத்தான். "இத மட்டும் பாருங்க. பேய் மழை. காத்து எப்படி அடிக்குதுன்னு கொடியப் பாருங்க. இப்ப பாருங்க, எறியறான்..."

இர்வ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பார்த்தார். பிறகு, "இன்னொரு தடவ போடு," என்றார்.

அவ்வளவுதான், கதை முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். இந்த ஊரில் நம்பிக்கை இல்லாதவன் என்று யாரும் கிடையாது. இல்லாத மாதிரி நடிப்பார்கள், அவ்வளவுதான். கல்மாதிரி உட்கார்ந்திருக்கிற கிழவரிடம் நாலு நல்ல எறியைக் காட்டினால் போதும், பல்லிளித்துவிடுவார்.

"எறியறது சுத்தமாத்தான் இருக்கு," என்றார் இர்வ் மெதுவாக. "ஒரு வருஷம் வெளிய உக்கார வெச்சு, நல்லா சோறு போட்டு, கையில கொஞ்சம் பலம் ஏத்தினா..."

"அப்படிச் சொல்லுங்க!"

"முன்னாடி நிக்கறதுக்கு ரெண்டு தடியன் வேணும்."

"அடுத்த சுத்துல எடுத்தாச்சே! உங்க வீட்டு வாசக்கதவு மாதிரி இருக்கான் ஒருத்தன்."

இன்னொரு ஜாடி பீர் காலியாவதற்குள் மூன்று பேருமாகச் சேர்ந்து கோப்பையை ஜெயித்துவிட்டார்கள். வெற்றி ஊர்வலம் சந்தை வழியாகப் போக வேண்டுமா, பாலத்து வழியாகப் போக வேண்டுமா என்பதில்தான் தகராறு. பாலத்தில் காற்று அதிகம், தனக்கு மூட்டு வலி என்றார் இர்வ். டுவேன் ஜெயித்த மிதப்பில் மனைவியைப் பார்த்தான்.

மோரீன் ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, "பேசி முடிச்சாச்சா?" என்று கேட்டாள்.

"முடிச்சாச்சு. பையன் தேறுவான்," என்றான் லாமான்ட். இர்வ்கூடத் தலையாட்டினார்.

"சரி. இப்ப என் கேள்வி. உங்க வீட்டுல பிறக்கிற பிள்ளைக்கு இந்தப் பேர வைப்பீங்களா?"

இர்வ் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"எனக்கு ஏதும்மா பிள்ள," என்றான் லாமான்ட். "நாய்தான் இருக்கு."

"சரி, நாய்க்கு வைப்பியா?"

லாமான்ட் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "அதுக்குப் பழைய பேரு பழகிப் போச்சு, மோரீன். கூப்பிட்டா வராது."

"இர்வ், உங்களுக்கு ஜூலைல பேரன் வரப்போறானே?"

"அது மருமக இஷ்டம். நான் அதுல எல்லாம் தலையிடறதில்ல," என்றார், எல்லாவற்றிலும் தலையிடுகிற மனுஷன்.

அவள் என் பக்கம் திரும்புவதற்குள், "நான் பீர் ஊத்தறவ, என்ன விட்டுடு," என்று சொல்லிவிட்டேன்.

டுவேனின் காது சிவந்துவிட்டது. "தொடநடுங்கிங்களா! இத்தன நேரம் கோப்ப, ஊர்வலம்னு அளந்தீங்க. ஒரு பேரு வைக்கத் துப்பில்ல. நான் ஒருத்தன்தான் சொன்னதுல நிப்பேன். நீங்க எல்லாம் வாய்ச்சொல் வீரருங்க!"

தொடைநடுங்கி என்ற வார்த்தை இர்வுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. எழுந்தே விட்டார்.

"வாய அடக்குடா! போன தடவையும் இங்க நின்னுதான் கத்தின. என்ன ஆச்சு? இவனும் இன்னொரு கார்லிஸாப் போனா என்னடா பண்ணுவ? அந்தப் பிள்ளயும் காலம் பூரா அந்த அசிங்கத்தச் சுமக்கணுமா?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. வாய் திறந்தபடி நின்றார். நாங்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் கவுண்டரின் கோடியைப் பார்த்தோம். அதுதான் நாங்கள் செய்த பெரிய முட்டாள்தனம். பார்க்காமலாவது இருந்திருக்கலாம்.

கார்லிஸ் ஒரு வறுவலை கெட்சப்பில் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவால்ல, மிஸ்டர் இர்வ்," என்றாள். "ஸ்கூல்லயும் அப்படித்தான் சொல்வாங்க. யாராவது பந்தக் கீழ போட்டா சொல்வாங்க. நான் போட்டா சொல்ல மாட்டாங்க. என்னப் பாத்துச் சிரிப்பாங்க, அவ்ளோதான்."

"யாரு சொல்றா?" என்றான் டுவேன்.

"எல்லாரும்தான். டீச்சர்கூட ஒரு நாள் சொல்லிட்டாங்க. அப்புறம் ஸாரி கேட்டாங்க."

டுவேன் மோரீனைப் பார்த்தான். "உனக்குத் தெரியுமா?"

"உங்கிட்ட எத்தன தடவ சொன்னேன்? 'போகப் போகப் பழகிடும்'ன. அப்புறம் அந்த ஆளு எவ்வளவு நல்லா ஆடினான்னு எனக்கே பாடம் எடுத்த."

கார்லிஸ் வறுவலை மென்று விழுங்கிவிட்டு, ஒரு முடிவுக்கு வந்தவள் போல, "டெக்லன்னே வைங்கப்பா," என்றாள்.

பாவி மனுஷன், அந்த நேரத்திலும் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. கடைசியில் ஒரு ஆள் கிடைத்துவிட்டாள் அல்லவா! "உனக்குப் பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்டான்.

"பிடிக்கல. ஆனா தம்பியும் பெரிசானா அதே ஸ்கூலுக்குத்தான வருவான்? அப்ப நான் மட்டும் தனியா இருக்க மாட்டேன்."

லாமான்ட் டிவி பக்கம் திரும்பிக்கொண்டான். டிவியில் யாரோ மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இர்வ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்தார். மோரீன் ஜெயித்துவிட்டாள், ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் ஜெயித்தவள் மாதிரி இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டுவேன் எழுந்துபோய்ப் பெண்ணின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தான். "வேண்டாம்மா," என்றான். "டெக்லன் வேண்டாம்."

"ஏன்?"

"தம்பிக்கு அந்தக் கஷ்டம் வரக் கூடாது."

"எனக்கு மட்டும் ஏன் வெச்சீங்க?"

சண்டைக்காகக் கேட்கவில்லை. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். அதுதான் தாங்கமுடியவில்லை.

"அவன் நல்லா வருவான்னு நெனச்சேன்."

"சரி, வரல. அப்புறம் ஏன் மாத்தல?"

டுவேன் வழக்கமாகச் சொல்கிற எல்லாப் பதிலும் எனக்கு மனப்பாடம். முன்னால் நின்றவர்கள் சரியில்லை, பயிற்சியாளர் சரியில்லை, மழை, புல், நடுவர். அவன் வாயைத் திறந்தபோது அதில் ஏதோ ஒன்று வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"மாத்தினா, நான் சொன்னது தப்புன்னு இவங்க எதிர்ல ஒத்துக்கணும்," என்றான். "அதான் மாத்தல."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

பிறகு ஸ்டூலோடு திரும்பினான். "இர்வ், நீங்க அன்னிக்குச் சொன்னதுதான் சரி. அந்த ஆளு தேறமாட்டான்னு நீங்க சொன்னீங்க. நான்தான் கேக்கல. எட்டு வருஷமா நான் பேசினது அத்தனையும் தப்பு."

இந்த வார்த்தைக்காக இர்வ் எத்தனை வருஷமாகக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். டுவேன் என்றைக்கு ஒத்துக்கொள்கிறானோ அன்றைக்கு மேஜை மேல் ஏறி ஆடுவேன் என்று மூட்டு வலியோடு சபதம் போட்டவர் அவர். இப்போது, "விடுடா," என்று மட்டும் சொன்னார். தன் முன்னால் இருந்த பீரைக்கூடத் தொடவில்லை. அன்றைக்கு நானும் என் கட்டுப்பாட்டை ஞாபகப்படுத்தவில்லை.

"உனக்கு வேற பேரு வேணுமா?" என்று டுவேன் பெண்ணிடம் கேட்டான். "திங்கக்கிழமையே மாத்திடலாம். என்ன பேரு வேணும்னாலும்."

கார்லிஸ் நன்றாக யோசித்தாள். "வேண்டாம். இப்ப மாத்தினா அதுக்கும் சேத்துச் சிரிப்பாங்க. தம்பிக்கு மட்டும் நான் வைக்கறேன்."

அவன் தலையை ஆட்டினான். அவள் தட்டிலிருந்து ஒரு வறுவலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைச் சாப்பிடாமல் வைத்துக்கொண்டே இருந்தான்.

மே மாதக் கடைசியில் பிள்ளை பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேருமாகக் கடைக்கு வந்தார்கள். டுவேன் குழந்தையைக் கவுண்டர் மேல் கூடையோடு வைத்துவிட்டு, மகளைப் பார்த்தான்.

"எட்மண்ட்," என்றாள் கார்லிஸ்.

லாமான்ட் வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தான். இர்வ் புருவத்தைச் சுருக்கி, பழைய ஆட்டக்காரர்களை எல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். ஒருத்தரும் அகப்படவில்லை.

"எட்மண்டா? இந்தப் பேர எங்கேருந்து பிடிச்ச?" என்று நான் கேட்டேன்.

"தேடித் தேடித்தான் எடுத்தேன்," என்றாள். "அந்தப் பேர்ல நம்ம ஊர்ல யாரும் இதுவரைக்கும் எதுவும் பண்ணல."